திரும்பலாம்னு சொல்றது யாரு?

போன இதழ்ல காலேஜ் பசங்க க்ளப் வச்சு மலை, அருவின்னு கெளம்பறத பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், ராயபுரத்துலேர்ந்து எண்ணூர் வரைக்கும் இருக்கற அம்மாங்க, பசங்க, ஒரு தாத்தா உட்பட எல்லாரும் சேந்து வாட்ஸ்அப்ப ரொப்பிட்டாங்க. எல்லாத்துக்கும் இங்க இடம் இல்ல. ஒரே மாதிரி வந்தத சேத்து கட்டி சில கேள்விய மட்டும் எடுத்துருக்கேன். முதல் கேள்விக்குத்தான் ரொம்ப எழுதிட்டேன், ஏன்னா அதுல என் சொந்தக் கதையும் இருக்கு.

தம்பி, என் பையன் காலேஜ் ரெண்டாவது வருஷம். அவங்க அட்வென்ச்சர் க்ளப்புல நாகலாபுரம் கூட்டிக்கினு போறாங்களாம். ரெண்டு நாளு, தலைக்கு 1,800 ரூபா, மொத்தம் 45 பேரு. இவனுக்கு நீச்சல் தெரியாது. வேணாம்னு சொன்னதுக்கு மூணு நாளா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு சுத்தறான். அவங்கப்பா 'போவட்டும் வுடு'ன்றாரு. அனுப்பலாமா?
— ஒரு அம்மா, தண்டையார்பேட்டை

அக்கா, அனுப்பலாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த க்ளப் லீடர் பையனுக்கு நீங்களே ஒரு போன் போடணும். உங்க புள்ள 'அசிங்கமா இருக்கும்மா'ன்னு குதிப்பான், குதிக்கட்டும்.

நாகலாபுரம், தடா ரெண்டுமே ஆந்திரா பக்கம். பேருக்குத்தான் ட்ரெக், பாதி நேரம் ஓடைக்குள்ளயே நடக்கறதும் பாறை மேல தாவறதும்தான், நடுநடுவுல ஆழமான மடு வரும். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அடியில கல்லு தெரியும், இடுப்பளவுதான்னு நெனச்சு கால வச்சா ஆள முழுங்கிடும். அங்கேர்ந்து பேப்பர்ல வர்ற சாவுச் செய்திய பாருங்க, மலையிலேர்ந்து விழுந்தத விட மூழ்குனதுதான் அதிகமா வரும். அதனால உங்க கவலை நியாயமான கவலை, உங்கள பயந்தாங்கொள்ளின்னு யாரும் சொல்ல முடியாது.

இப்ப என் கதை. நான் படிக்கிறப்போ எங்க க்ளப்புல 38 பேரு, ஒரு வேன்ல நெருக்கி உக்காந்து தடா அருவிக்கு போனோம். ஐப்பசி மாசம். எங்க தலைக்கு மேல வானம் பளிச்சுன்னு நீலமா இருந்துச்சு. ஒரு அகலமான பாறையில தூக்குவாளி, சாப்பாட்டு பொட்டலம், பை எல்லாம் பரப்பி வச்சிட்டு தண்ணியில கெடந்தோம். அப்ப ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருத்தர் மேலேர்ந்து கைய ஆட்டிக்கிட்டே வந்தாரு, 'நீள்ளு வஸ்துன்னாயி, வஸ்துன்னாயி'ன்னு கத்தறாரு. தண்ணி வருது, வருதுன்றாரு. நம்ம வண்ணாரப்பேட்டை பசங்களுக்கு தெலுங்கு புரியாதா என்ன, எல்லாருக்கும் புரிஞ்சுது. ஆனா எங்க லீடர் 'வேன் அஞ்சு மணிக்குத்தான் வரும், இப்ப கீழ போயி இன்னா பண்ண போறோம், இன்னும் அர மணி நேரம்'ன்னுட்டான்.

அப்பதான் பாத்தேன், தண்ணியில காஞ்ச எலையும் சின்ன சின்ன குச்சியும் மெதந்து வருது. கொஞ்ச நேரம் முன்னாடி வரைக்கும் ஒரு எலை கூட வரல. பின்னாடியே வெள்ளையா நுரை. அப்புறம் அந்த கண்ணாடி தண்ணி லேசா டீ கலருக்கு மாறுச்சு. எங்க கூட காசிமேட்டு பையன் ஒருத்தன் வந்திருந்தான், அவன் லீடர் பேச்ச கேக்கவே இல்ல, ரெண்டு ரெண்டு பேரா சட்டைய புடிச்சு கரைக்கு இழுத்தான். பத்து நிமிஷம் இருக்கும், நாங்க சாப்பாடு பரப்பி வச்ச பாறை தெரியல. தூக்குவாளி, எட்டு பை, பாதி பேரோட செருப்பு, எல்லாம் போச்சு. எங்க மேல ஒரு சொட்டு மழை விழல, பெஞ்சதெல்லாம் மேல மலையில. அஞ்சு பேரு எதிர் கரையில மாட்டிக்கிட்டு, தண்ணி வடிஞ்சு இருட்டுனப்புறம்தான் இந்தப் பக்கம் வந்தாங்க.

சாவு ஒண்ணும் இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரி எனக்கு உதறல் எடுத்தது வெள்ளத்தாலயும் இல்லக்கா. வேன்ல ஏறி தலைய எண்ணுறோம், 37 வருது. மறுபடி எண்ணுனா 38. மூணாவது தடவை 37. யார் வந்தா, யார் யாரு கூட ஜோடின்னு ஒரு பேப்பர் கூட எங்க கிட்ட இல்ல. கடைசியில ஒருத்தன் பின் சீட்டுக்கு அடியில படுத்து தூங்கிட்டு இருந்தான்.

அதனால லீடர் பையன் கிட்ட நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி, 'தம்பி, போதும் திரும்பலாம்னு சொல்றது யாரு?' ஒரு பேரு வரணும். 'எல்லாரும் சேந்து முடிவு பண்ணுவோம் ஆன்ட்டி'ன்னா அனுப்பாதீங்க. 45 பேரு ஓடைக்குள்ள நின்னுக்கிட்டு ஓட்டு போட முடியாது.

ரெண்டாவது கேள்வி கொஞ்சம் வினோதமா தெரியும், 'மழைன்னு கேன்சல் பண்ணா துட்டு திரும்ப வருமா?' இது 1,800 ரூபாய்க்காக இல்ல. வேனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, டீ-ஷர்ட் அடிச்சாச்சு, சாப்பாட்டுக்கு சொல்லியாச்சு, பாதியில திரும்புனா 45 பேரும் லீடர் சட்டைய புடிப்பாங்கன்ற நெலமை இருந்தா, இருபது வயசு பையன் எப்படிக்கா 'திரும்பலாம்'னு வாயத் தொறப்பான்? எங்க லீடர் கெட்டவன் இல்ல, வேன்காரனுக்கும் எங்களுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டவன். கேன்சல் ஆனா இவ்ளோ திரும்ப வரும்னு முன்னாடியே எழுதி குடுத்த க்ளப்புன்னா, லீடர் தைரியமா திருப்பிக் கூட்டிக்கினு வருவான்.

மத்தத வேகமா சொல்லிடறேன். 45 பேரு ஒரே கும்பலா நடக்கக்கூடாது, மூணா பிரிக்கணும். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி ஒருத்தன், கடைசியில ஒருத்தன், அந்த கடைசி ஆளத் தாண்டி பின்னாடி யாரும் நிக்கக்கூடாது. ஆளுக்கு ஒரு நம்பர், ஓடைய தாண்டுற ஒவ்வொரு எடத்துலயும் ஒண்ணு ரெண்டுன்னு சத்தமா சொல்லணும். நீச்சல் தெரியாதவங்களுக்கு லைஃப் ஜாக்கெட் எத்தினி இருக்குன்னு எண்ணிக்கை கேளுங்க, 'இருக்கு ஆன்ட்டி' பத்தாது. அந்தப் பக்கம் ஆந்திரா வனத்துறைதான், அவங்க அனுமதி வாங்குனாங்களா, நம்ம காலேஜுக்கு இது தெரியுமான்னும் கேளுங்க. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் தேதி போட்டிருந்தா தேதிய மாத்த சொல்லுங்க. இதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொன்னா அனுப்பிடுங்க. திரும்பி வந்ததும் பையன நீச்சல் கிளாஸ்ல சேத்து வுடுங்க, அது இந்த டூர விட முக்கியம்.

அண்ணே, நான் காசிமேடு. அஞ்சு வயசுலேர்ந்து கடல்ல கெடக்கறவன். எங்க க்ளப்புல எனக்கும் லைஃப் ஜாக்கெட் போடணும்ன்றாங்க, இல்லாட்டி தண்ணியில எறங்கக் கூடாதாம். கூட படிக்கிற பொண்ணுங்க முன்னாடி பேஜாரா இருக்குண்ணே.
— மீனவர் வீட்டு பையன்

தம்பி, உன்ன மாதிரி ஒருத்தன்தான் என்ன காப்பாத்துனான், மேல படிச்சிருப்ப. அதனால உன் நீச்சல நான் கொறை சொல்லல. ஆனா நீ பழகுன தண்ணி வேற, அந்த தண்ணி வேற.

கடல் தண்ணி உப்பு, கனம். ஒரு லிட்டருக்கு நல்ல தண்ணிய விட கிட்டத்தட்ட 25 கிராம் அதிகம். நீ 60 கிலோன்னா கடல் உன்ன ஒன்றரை கிலோ அளவுக்கு கூடுதலா தூக்கிப் புடிக்குது. மடுவுல அந்த ஒன்றரை கிலோவ நீதான் தூக்கணும். அருவி நேரா விழற எடம் இன்னும் மோசம், அங்க பாதி தண்ணி பாதி காத்து, வெறும் நுரை. நுரையில யாரும் மெதக்க முடியாது, கைய வீசுனாலும் புடிமானம் கெடைக்காது. அதுக்கு மேல, கடல்ல அடியில மணல், அங்க அடியில பாறை. கரையிலேர்ந்து தலைகீழா டைவ் அடிக்கிறதெல்லாம் நம்ம தூண்டில் வளைவு கல்லு மேலயே தப்புன்னு உனக்குத் தெரியும், அங்க சொல்லவே வேணாம். மண்டையில அடிபட்டு மயங்குனா உன் நீச்சல் எதுக்கும் ஆவாது, ஜாக்கெட் மட்டும்தான் மூஞ்சிய மேல வச்சிருக்கும்.

2011 கிறிஸ்துமஸ் அன்னிக்கு பழவேற்காட்டுல படகு கவுந்து 22 பேரு செத்தாங்களே, உங்க வீட்டு பெரியவங்க கிட்ட கேளு. கடற்கரையோரமே பொறந்து வளந்தவங்க அந்த நாள எப்படி சொல்றாங்கன்னு கேளு.

பொண்ணுங்க முன்னாடி கெத்து காட்டணும்னா வேற வழி இருக்கு. கயிறு போடறது உனக்குத் தெரியும், அந்த காலேஜ்ல வேற எவனுக்கும் தெரியாது. இருபது மீட்டர் கயிறுல ஒரு முனையில காலி கேன கட்டி, ஓடைய தாண்டறப்போ கீழ் பக்கமா நீ நில்லு. எவனாவது இழுத்துக்கினு போனா நீ குதிக்காத, கேன வீசு. மூழ்கறவன் கிட்ட போனா உன் கழுத்த புடிச்சு உன்னயும் சேத்து அமுக்குவான். இன்னொண்ணு, மூழ்கறவன் கத்துவான், கைய ஆட்டுவான்னு நெனைக்காத. பல பேரு சத்தமே போடாம, வாய் தண்ணி மட்டத்துல ஏறி எறங்க, நின்ன எடத்துலயே போயிடுவாங்க. கூட இருக்கறவன் வெளையாடறான்னு நெனச்சிப்பான்.

நாங்க ஏழு பேரு சேந்து புதுசா ட்ரெக்கிங் க்ளப் ஆரம்பிக்கிறோம். முதல் ட்ரிப்பே குரங்கணி வழியா கொழுக்குமலை ஏறலாம்னு ப்ளான், மார்ச் மாசம் எக்ஸாம் முடிஞ்சதும். ஏஜென்ட் எல்லாம் வேணாம், கூகுள் மேப் வச்சு நாங்களே போயிடுவோம். டிப்ஸ் சொல்லுங்க.
— ராயபுரம் பசங்க

மார்ச் மாசம். குரங்கணி. நீங்க ரெண்டையும் ஒரே வரியில எழுதியிருக்கறத பாத்து எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு.

2018 மார்ச் 11-ஆம் தேதி அங்கதான் காட்டுத்தீயில மாட்டிக்கிட்டு இருபது பேருக்கு மேல செத்தாங்க, அதுல நம்ம சென்னையிலேர்ந்து போன கும்பலும் உண்டு. அந்த மாசத்துல ஆள் உசரத்துக்கு புல்லு காஞ்சு கெடக்கும். நெருப்பு மேட்டுல ஏறுற வேகம் சமதரையில போற வேகத்த விட ரொம்ப அதிகம், ஏன்னா அது மேல இருக்கற புல்ல முன்னாடியே சூடாக்கி காய வச்சிட்டுத்தான் வருது. மேல் பக்கமா ஓடுனா நெருப்பு ஜெயிக்கும்.

அதுக்கப்புறம்தான் தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குன்னு தனியா விதிமுறை வந்துச்சு. இப்ப 2024 அக்டோபர்லேர்ந்து 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு அரசே 40 பாதைய தெறந்து வச்சிருக்கு, ஆன்லைன்ல பதியணும், அந்தந்த மலை ஊருலேர்ந்தே பயிற்சி குடுத்த வழிகாட்டி கூட வருவாங்க. தீ பரவுற சீசன்ல, அதாவது பிப்ரவரி பாதியிலேர்ந்து ஏப்ரல் பாதி வரைக்கும் மூடிடுவாங்க. உங்க எக்ஸாம் முடியறதும் அதே நேரம்தான், என்ன பண்றது. அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள போனா அது குற்றம், 1882 வனச் சட்டம் இன்னும் உயிரோடதான் இருக்கு, மேப்புல வழி காட்டுதுன்னு ரேஞ்சர் கிட்ட சொல்லிப் பாருங்க, சிரிப்பாரு.

ஏழு பேரு புதுசுன்னா பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க. பூண்டி ஏரி தாண்டி குடியம் குகை இருக்கு, அதுவும் அந்த 40-ல ஒண்ணு. நம்ம கொழாயில வர்ற தண்ணிய தேக்கி வைக்கிற ஏரிக்கு அந்தாண்ட, அதே வட்டாரத்துல அத்திரம்பாக்கத்துல 15 லட்சம் வருஷத்துக்கு முந்தின கல் கோடாரி கெடச்சிருக்கு. கொழுக்குமலைல செல்ஃபி எடுக்கறத விட இது சோக்கா இருக்கும்னு நான் சொன்னா நம்ப மாட்டீங்க, போயிட்டு வந்து எழுதுங்க.

எங்க க்ளப்ல பசங்களுக்கு மட்டும் நைட் ஸ்டே, பொண்ணுங்களுக்கு 'சேஃப்டி'ன்னு சொல்லி டே ட்ரிப் கூட இல்ல. வீட்லயும் அதான் சொல்றாங்க. பீரியட்ஸ் டைம்ல என்ன பண்ணுவ, பாத்ரூம் எங்கன்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?
— திருவொற்றியூர் மாணவி

பாத்ரூம் எங்கன்ற கேள்வி நல்ல கேள்விம்மா, அத க்ளப் கிட்ட கேளு. ட்ரிப்புக்கு முன்னாடி ஒருத்தர் போயி பாத்துட்டு வந்துருந்தா பதில் இருக்கும். பதில் இல்லன்னா யாருமே முன்னாடி போயி பாக்கலன்னு அர்த்தம், அப்ப அந்த ட்ரிப் பசங்களுக்கும் சேஃப்டி இல்ல. பீரியட்ஸுக்கு என் தங்கச்சிய கேட்டு எழுதறேன்: ஜிப் வச்ச கெட்டியான கவர் ரெண்டு, பழைய நியூஸ் பேப்பர், ஒரு பாட்டில் தண்ணி தனியா. யூஸ் பண்ணத காட்டுல போடாம, பொதைக்காம, கவர்ல போட்டு திரும்ப எடுத்துட்டு வந்துடணும். நடக்கறதுக்கு அது ஒரு தடையே இல்லன்றா, வயித்து வலி இருந்தா மட்டும் அன்னிக்கு வேகத்த கொறச்சிக்கணும்.

வீட்டுக்கு பதில் வேணும்னா சின்னதா ஆரம்பி. நாலு பொண்ணுங்க சேந்து காலையில கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறுங்க, பொன்னேரில எறங்கி பஸ்ஸ புடிச்சா பழவேற்காடு. டச்சுக்காரன் கல்லறை இருக்கு, ஜனவரில போனா செங்கால் நாரை, பூநாரை எல்லாம் பாக்கலாம், தொப்பி போட்டுக்கினு அஞ்சு கிலோமீட்டர் நட. சாயந்திரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வா. இதே மாதிரி மூணு தடவை சொன்ன நேரத்துக்கு வந்து நின்னா நாலாவது தடவை அம்மா தானா டிபன் கட்டி குடுப்பாங்க. பொண்ணுங்களுக்கு எதுக்கு மலைன்னு க்ளப்ல எவனாவது கேட்டா, 1984-லயே நம்ம நாட்டு பொண்ணு பச்சேந்திரி பால் எவரெஸ்ட் ஏறிட்டாங்க, நீ இன்னும் பரங்கிமலை கூட ஏறலன்னு சொல்லு.

ட்ரெக்குக்கு என்ன ஷூ? என் கிட்ட ஃபுட்பால் ஸ்டட்ஸ் இருக்கு.
— வியாசர்பாடி ஸ்டாப்பர்

வேணாம் ராஜா. ஸ்டட்ஸ் புல்லுலயும் மண்ணுலயும்தான் புடிக்கும், ஈரப்பாறை மேல ஐஸ்கட்டி மேல நிக்கற மாதிரி வழுக்கும். ரப்பர் அடி மெத்துனு, ஆழமா கோடு போட்ட ஷூ எதுவா இருந்தாலும் சரி, ப்ராண்ட் பாக்காத. புதுசு வாங்குனா ரெண்டு வாரம் தெருவுல போட்டு நடந்துட்டு அப்புறம் போ, இல்லன்னா முதல் நாளே குதிகால்ல கொப்புளம்.

ஹிமாலயா ட்ரெக் போகணும். க்ளப் சீனியர் 'ஃபிட்னஸ் இருந்தா போதும்'ன்றான். நான் டெய்லி ஜிம் போறேன். போதுமா?
— ஒரு எண்ணூர்காரன்

போதாது. கடல் மட்டத்துல பொறந்து வளந்த ஆளுங்க நாம, நமக்கு மேடுன்னா எண்ணூர் ஹைரோடு பாலம்தான். 2,500 மீட்டருக்கு மேல காத்து மெலிசாகும், அங்க ஜிம் பாடியும் தொப்பையும் ஒண்ணுதான், யாருக்கு தலைவலி வரும்னு முன்னாடியே சொல்ல முடியாது. நம்ம தமிழ்நாட்டுலயே ஒசரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான்னு பாத்துக்கோ. அங்க தலைவலி, வாந்தி, நடக்கறப்போ தள்ளாட்டம் வந்தா மாத்திரைய போட்டுக்கினு மேல ஏறக்கூடாது, கீழ எறங்கணும். நல்லா ஃபிட்டா இருக்கற பசங்கதான் ஆபத்து, வேகமா ஏறிடுவானுங்க, தலைவலிய வெளிய சொல்ல வெக்கப்படுவானுங்க.

உண்மையிலேயே ஆசை இருந்தா உத்தரகாசில 1965-லேர்ந்து நடக்கற நேரு மலையேற்றப் பயிற்சி நிலையம் இருக்கு, நான் மேல சொன்ன பச்சேந்திரி பால் அங்க படிச்சவங்கதான். அடிப்படைக் கோர்ஸ் 28 நாளு. கயிறு, பனி, பாறை எல்லாம் ஒழுங்கா சொல்லித் தருவாங்க. இப்போதைக்கு ஹவுசிங் போர்டு மாடிப்படில முதுகுல எட்டு லிட்டர் தண்ணி கேன வச்சிக்கினு ஏறி எறங்கு. கீழ் வீட்டு ஆயா திட்டும், திட்டட்டும்.

காட்டுல பாம்பு கடிச்சா கயிறு கட்டி, கீறி, ரத்தத்த வாயால உறிஞ்சி துப்பணும்னு எங்க காலத்துல சொல்லுவாங்க. பேரன் போறான், சொல்லி அனுப்பட்டுமா?
— ஒரு தாத்தா, பழைய வண்ணாரப்பேட்டை

ஐயா, தயவு செஞ்சு சொல்லி அனுப்பாதீங்க. கட்டவும் வேணாம், கீறவும் வேணாம், உறிஞ்சவும் வேணாம். கடிபட்ட கைய காலை ஆட்டாம, எலும்பு முறிஞ்சா வைக்கிற மாதிரி ஒரு கட்டைய வச்சு அசையாம சுத்தி, மோதிரம், வாட்ச், கொலுசு எல்லாம் கழட்டிட்டு, நடக்க வுடாம தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்கு போகணும். 108-க்கு அடிக்கலாம், சிக்னல் ஒத்த கோடு கூட இல்லன்னா 112 போட்டா வேற கம்பெனி டவர் வழியா கூட போகும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்கும் ஒரே மருந்துதான். பாம்ப தேடி அடிச்சு பையில போட்டு எடுத்துக்கினு போக வேணாம், அதுல இன்னொருத்தன் கடிபடுவான். பேரனுக்கு ஒரு டார்ச் வாங்கி குடுங்க, ராத்திரி ஒண்ணுக்கு போறப்போதான் மிதிப்பாங்க.

கேம்ப்ல பிரியாணி ஆக்கலாமா? க்ளப்ல செம சண்டை.
— கொருக்குப்பேட்டை கும்பல்

காட்டுக்குள்ள அடுப்பு பத்த வைக்கவே கூடாது, குரங்கணி பத்தி மேல எழுதுனத படிங்க. பிரியாணிய திரும்பி வந்து சாப்ட்டுக்கோங்க. புளிசாதம், எலுமிச்சை சாதம், எலையில கட்டி மேல நியூஸ் பேப்பர், கூட வறுத்த மோர் மொளகா, ஆளுக்கு ரெண்டு வாழப்பழம், ஒரு ஓ.ஆர்.எஸ் பாக்கெட். முட்டை வேணாம், வெயில்ல நாறும். போன தடவை ஒரு கும்பல் பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதான் பர்மா நூடுல்ஸ், பார்சல் வாங்கிக்கினு போயி, மதியம் பிரிச்சா நூடுல்ஸ் மொத்தமும் ஒரே கட்டியா வந்துச்சாம், அத கேக் மாதிரி கத்தியால வெட்டி சாப்ட்டோம்னு போட்டோ அனுப்பியிருக்காங்க.